புளிச்சோறும் டேப்பிரும்

ஜன்னலை மூடாதீங்க சார். இது ஒரு மழையா? ரயிலு செங்கல்பட்டு தாண்டினா மழை நின்னுரும். சட்டை நனையுதேன்னு நீங்க பாக்குறீங்க, எனக்கு இது கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிற மாதிரி இருக்கு. ஏழு வாரம் மழையிலேயே குடித்தனம் பண்ணிட்டு முந்தாநாள்தான் வந்து இறங்கினேன். லண்டன் இல்ல சார். லண்டன்னு சொன்னா எல்லாரும் கொஞ்சம் நிமிந்து உக்காருறாங்க, ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன். வேல்ஸ். இங்கிலாந்துக்கு இடது பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்குற நாடு. அங்க வானத்துல யாரோ குழாயைத் திறந்து விட்டுட்டு வீட்டைப் பூட்டிக்கிட்டுப் போயிட்டான்.

பேரு தாமோதரன். ஊரு திண்டுக்கல். அரசு போக்குவரத்துக் கழகத்துல டிக்கெட் பரிசோதகரா இருபத்தாறு வருஷம். ஓடுற பஸ்ல அறுபது பேரு இருந்தா, டிக்கெட் எடுக்காதவன் எவன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். மனுஷன் மனசுல ஓடுறதை என்கிட்ட மறைக்க முடியாது. அது ஒரு வரம் சார், எல்லாருக்கும் அமையாது.

பொண்ணு ஹேமலதா அங்க ஸ்வான்சிங்கிற ஊருல இருக்கா. ஆஸ்பத்திரி லேப்ல வேலை. மாப்பிள்ளை முகிலன் வீட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பாக்குறவரு. தங்கமான மனுஷன். நான் எது சொன்னாலும் 'ஆமா மாமா'ம்பாரு, அப்புறம் அதைச் செய்ய மாட்டாரு. பேத்தி மைத்ரா, ஆறு வயசு. அது ஆமான்னும் சொல்லாது, செய்யவும் செய்யாது. அதுகூடப் பரவாயில்ல, நமக்கு நிலவரம் தெரிஞ்சுரும்.

நானும் என் சம்சாரம் கமலவேணியும் போயிருந்தோம். அவ எங்கேன்னு இப்ப சுத்திப் பாக்குறீங்க. வர்றேன் சார், அதுக்குத்தான் வர்றேன். எல்லாம் ஒரு மிருகக்காட்சி சாலையில ஆரம்பிச்சது.

அக்டோபர் கடைசியில மைத்ராவுக்குப் பள்ளிக்கூடம் ஒரு வாரம் லீவு. ஹேமா வந்து, "அப்பா, எல்லாருமா ஒரு நாள் வெளிய போகலாம். பக்கத்துல ஒரு சின்ன ஜூ இருக்கு. நான் டூட்டி மாத்தி லீவு வாங்கிருக்கேன்"னா.

"நாளைக்கு மழைன்னு போட்டிருக்கானேம்மா."

"நாளன்னைக்கும் போட்டிருக்குப்பா. அதுக்கு அடுத்த நாளும் போட்டிருக்கு. இங்க மழை விடட்டும்னு காத்திருந்தா மைத்ராவுக்குக் கல்யாண வயசு வந்துரும்."

அந்த ஒரு நாள் லீவுக்கு அவ ரெண்டு ஞாயித்துக்கிழமை கூடுதலா வேலை பாத்தாளாம். மாப்பிள்ளை சொன்னாரு. என்கிட்டயா லீவைப் பத்தி? தீபாவளி, பொங்கல் எல்லாத்தையும் நான் பஸ்ஸுலயே கழிச்சவன். பண்டிகை நாள்ல வீட்டுல இருந்தா ஆளுக்கொரு வேலை சொல்லுவாங்க சார், அதெல்லாம் எனக்கு ஒத்து வராது.

சரி, போறதுன்னு ஆயிருச்சு, ஒரு ஒழுங்கு வேணும்ல? நான் ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டினேன். ஏழரைக்குப் புறப்பாடு. எட்டே முக்காலுக்கு வாசல். பன்னெண்டேகாலுக்குச் சாப்பாடு. மூணு மணிக்குத் திரும்பப் புறப்பாடு. மைத்ரா அந்தப் பேப்பர் மேலேயே ஒரு பூனை வரைஞ்சு வெச்சிருச்சு. கமலவேணி அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் புளிச்சோறு கிளறினா. நான் ஆறரைக்கு எந்திரிச்சு மேற்பார்வை பாத்தேன். உப்பு கம்மின்னு சொன்னேன். யாராவது ஒருத்தர் சொல்லணும்ல சார்.

ஏழரைக்குப் புறப்பட வேண்டிய வண்டி பத்து மணிக்குப் புறப்பட்டுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி மட்டும் சொன்னேன்.

கார்ல முன்சீட்டு எனக்கு. ரோட்டைப் பாக்கணும்ல. பின்னாடி ஹேமா, மைத்ரா, நடுவுல கமலவேணி. அவளுக்கு அவ்வளவா உயரம் கிடையாது. எந்த சீட்டா இருந்தா அவளுக்கு என்ன? வழியெல்லாம் பச்சைப் பசேல்னு மேடு, மேட்டு மேல ஆடு, ஆட்டு மேல மழை. ஒரு ஆடாவது ஒதுங்கி நிக்கணுமே! "எங்க ஊருல ஆட்டுக்குக்கூட விவரம் உண்டு மாப்ள"ன்னேன். "ஆமா மாமா"ன்னாரு.

போயி இறங்கினா, அது ஜூவா சார்? எங்க டிப்போ கேன்டீன் அதைவிடப் பெருசு. வாசல்ல ஒரு பொண்ணு பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு, இந்த மழையில வந்ததுக்கு நன்றின்னு சொல்லுது. எங்களை விட்டா வேற ஆளே இல்ல. இன்னொரு குடும்பம் வண்டியில இருந்து இறங்காமலே திரும்பிப் போயிட்டாங்க, அவங்கதான் விவரமானவங்க. டிக்கெட்டைக் குடுத்துச்சு, கிழிக்கல, ஓட்டை போடல. அப்படியே உள்ள போங்கன்னுச்சு. "செக்கிங் இல்லையா?"ன்னு கேட்டேன். மாப்பிள்ளை என்னைக் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு.

உள்ள சிங்கம் இல்ல. புலி இல்ல. யானை இல்ல. ஒவ்வொரு கூண்டு முன்னாடியும் ஒரு பலகை. அதுல அந்த மிருகத்தோட படம், பேரு, என்ன திங்கும், எங்க பொறந்துச்சு, எல்லாம் விவரமா எழுதியிருக்கு. மிருகம் மட்டும் இல்ல. மழைக்கு எல்லாம் உள்ள போயிப் படுத்துருச்சு. அதுகளுக்கு இருக்குற புத்தி நமக்கு இல்ல. ஒரு கூண்டுல கீரி மாதிரி பத்துப் பதினஞ்சு, சிவப்பு பல்புக்குக் கீழ ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து எங்களையே பாக்குதுங்க. டிக்கெட் வாங்கினது நாங்களா அதுகளான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு.

ஆனா அந்தக் குழந்தையைப் பாக்கணும். மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸுமா ஒவ்வொரு குட்டையிலயும் குதிக்குது. கமலவேணிக்கு மாப்பிள்ளையோட பழைய மழைக்கோட்டைப் போட்டு விட்டிருந்தாங்க, முழங்காலுக்குக் கீழ தொங்குது. காலுல கேன்வாஸ் ஷூ, மேல சேலை. அவளும் பேத்தி கையப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு பலகை முன்னாடியும் நின்னு, "இது என்ன, இது என்ன திங்கும்?"னு கேக்குறா. அது படிச்சுச் சொல்லுது. இல்லாத மிருகத்தைப் பத்தி ரெண்டு பேரும் அவ்வளவு பேச்சு! "நேரமாகுது, நேரமாகுது"ன்னு நான் ஒருத்தன்தான் கிடந்து கத்துறேன்.

பன்னெண்டேகாலுக்கு நான் போட்ட திட்டப்படி சாப்பாடு. அதாவது ரெண்டே முக்காலுக்கு. ஒரு தகரக் கொட்டாய், கீழ மரப்பெஞ்சு, மூணு பக்கமும் காத்து. சாரல் எனக்குத்தான் அடிக்குது. "அந்தக் குடையை விரிச்சு இந்தப் பக்கம் புடி"ன்னு கமலவேணிகிட்ட சொன்னேன். புடிச்சா. அங்க அடிக்கிற காத்து நம்ம ஊரு காத்து மாதிரி இல்ல சார், குடையை அப்படியே தலைகீழா மடக்கிருச்சு. அதுல தேங்கியிருந்த தண்ணி அத்தனையும் புளிச்சோத்து டப்பாவுக்குள்ள ஊத்திருச்சு.

நான் கோவப்பட்டேன்னு ஹேமா சொல்றா. நான் கோவப்படவே இல்ல. "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"ன்னு கேட்டேன். கேள்விதானே சார்? அப்புறம், "நாப்பது வருஷமா ஒரு காரியத்தை ஒழுங்கா செஞ்சிருக்கியா?"ன்னேன். அதுவும் கேள்விதான். கொஞ்சம் சத்தமா கேட்டிருப்பேன், மழைச் சத்தத்துல காதுல விழணும்ல?

அந்தக் குட்டி என்னையே பாத்துச்சு. "தாத்தா, அம்மாச்சிகிட்ட சாரி சொல்லுங்க"ன்னுச்சு. "எங்க ஸ்கூல்ல இப்படிப் பேசினா சாரி சொல்லணும்."

நான் சிரிச்சேன். மத்த யாரும் சிரிக்கல. மாப்பிள்ளை ஒரு 'ஆமா மாமா'கூடச் சொல்லல.

கமலவேணி ஒண்ணும் பேசல. பேச மாட்டா, அது அவளோட நல்ல குணம். டப்பாவை எடுத்து மூடினா. "இதைக் கழுவிட்டு வர்றேன்"னு எந்திரிச்சுப் போனா.

டீ வருது, குடிக்கிறீங்களா? தம்பி, ரெண்டு குடுப்பா. சீனி கம்மியா. சும்மா குடிங்க சார், கதை கேக்குறவருக்கு ஒரு டீகூட வாங்கித் தரலைன்னா எப்படி?

டப்பா கழுவப் போனவ பத்து நிமிஷமாச்சு, வரல. இருபது நிமிஷமாச்சு, வரல. ஹேமா கழிப்பறைப் பக்கம் போயி பாத்தா. இல்ல. மாப்பிள்ளை ஒரு சுத்து ஓடிப் பாத்தாரு. இல்ல. கையில ஃபோன் இல்ல, அவளுக்கு எதுக்கு ஃபோன்னு நான்தான் அதை வீட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லியிருந்தேன். ஹேமாவுக்கு மூஞ்சியெல்லாம் வெளிறிப் போச்சு. "அம்மா எங்கப்பா போனாங்க? நீங்க ஏம்ப்பா அப்படிப் பேசினீங்க?"ன்னு என்கிட்டயே வர்றா.

நான் பதறல. நேரா வாசலுக்குப் போயி அந்தப் பொண்ணுகிட்ட மைக்குல சொல்லச் சொன்னேன். அது ஒரு பேப்பரை எடுத்து வெச்சுக்கிட்டுக் கேள்வி கேக்குது. என்ன கலர் சேலை? எனக்கு எப்படிச் சார் தெரியும்? நாப்பது வருஷத்துக்கு அப்புறம் எவன் சேலைக் கலரைப் பாக்குறான்? அந்த வட்டாரத்துலேயே சேலை கட்டினவ அவ ஒருத்திதான், கலர் எதுக்கு? எவ்வளவு உயரம்? என் தோள் வரைன்னு கையக் காட்டினேன். ஹேமா வந்து என் கையப் புடிச்சுக் கீழ இறக்கி, இவ்வளவுதான்னு காட்டினா. கடைசியா அந்தப் பொண்ணு கேட்டுச்சு, அவங்க மனவருத்தத்துல இருந்தாங்களான்னு.

அவளுக்கு எதுக்குச் சார் வருத்தம்? வீடு இருக்கு, வாசல் இருக்கு, பென்ஷன் வருது. "நோ, நோ, வெரி ஹேப்பி"ன்னு சொன்னேன்.

மைக்குல அவ பேரை அந்தப் பொண்ணு 'கம்லா வீனி'ன்னு படிச்சுச்சு. மூணு தடவை. ஜூ முழுக்கக் கேட்டுச்சு. ஒருத்தரும் வரல.

அந்தக் குட்டிதான் கண்டுபிடிச்சுச்சு. பின்னாடி, கடைசியில, சேறும் சகதியுமா ஒரு வேலி. அங்க நின்னுக்கிட்டு, "அம்மாச்சி இங்க இருக்காங்க!"ன்னு கத்துது. நானும் போனேன். போகப் போக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு சார். நல்லா வயித்துல இருந்து வர்ற சிரிப்பு. வேற யாரோ பொம்பளைன்னுதான் நினைச்சேன். கிட்டப் போயி பாத்தா, இவ.

அந்த மழையில அந்த ஜூவுலேயே ஒரே ஒரு மிருகம்தான் வெளிய இருந்துச்சு. டேப்பிர்னு பேரு. பாத்திருக்கீங்களா? பன்னி உடம்பு. மூக்கு, யானை செய்ய ஆரம்பிச்சுட்டு வேண்டாம்னு விட்ட மாதிரி. முன்னாடி கறுப்பு, நடுவுல வெள்ளை வேட்டி சுத்தின மாதிரி வெள்ளை. கன்னுக்குட்டியைவிடப் பெருசு. அது வேலி ஓரமா மல்லாக்க மாதிரி சாஞ்சு, காலை நீட்டி, கண்ணை மூடிப் படுத்திருக்கு. இவ சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, வேலிக்கு வெளிய சேத்துல முட்டி போட்டு, கம்பி வழியா கையை உள்ள விட்டு, நீளமா ஒரு பிரஷ்ஷால அதுக்கு வயித்தைத் தேய்ச்சுக்கிட்டிருக்கா. தலையில குடை இல்ல, ஒண்ணும் இல்ல. புளிச்சோத்து டப்பா பக்கத்துல கவுந்து கிடக்கு.

உள்ள அந்த மிருகத்தைப் பாத்துக்குற ஒரு அம்மா. க்ளெனிஸ்ஸாம். இவ வயசுதான் இருக்கும், முடியெல்லாம் வெள்ளை, அந்த டேப்பிரோட பின்னங்காலை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அந்தம்மா அதுகிட்டப் பேசுறது இங்கிலீஷ்கூட இல்ல, அவங்க ஊரு பாஷை, வெல்ஷாம். இவ தமிழ். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல, இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு"ன்னு இவ இங்க இருந்து சொல்றா. அந்தம்மா அங்க இருந்து ஏதோ சொல்லுது. ரெண்டு பேருக்கும் நல்லாப் புரியுது. டேப்பிருக்கும் புரியுது. எனக்குத்தான் ஒண்ணும் புரியல.

மைத்ரா கேட்டுக் கேட்டுச் சொன்னதுல விவரம் தெரிஞ்சுச்சு. இவ அந்தப் பக்கம் இருந்த குழாயில டப்பா கழுவப் போயிருக்கா. இந்த டேப்பிர் நடக்குறதைப் பாத்திருக்கா. பின்னங்கால் ஒண்ணை ஊனல. அந்தம்மாவைக் கூப்பிட்டுக் கையைக் காட்டி, காலைக் காட்டி, தானே நொண்டி நொண்டி நடந்து காட்டியிருக்கா. ரெண்டு நாளா அது ஏன் சரியா திங்கலைன்னு அந்தம்மாவுக்கும் புரியாம இருந்திருக்கு. அந்தம்மா குடுத்த பிரஷ்ஷால இவ அதைத் தேய்ச்சுப் படுக்க வெச்ச நேரத்துல அந்தம்மா அது கால் விரல் இடுக்குல பாத்தா, கூரா ஒரு சல்லிக் கல்லு. உள்ள இறங்கிச் சீழ் கோத்திருக்கு. அதை எடுத்து, கழுவி, மருந்து வெச்சுக்கிட்டிருக்கும்போதுதான் நாங்க போனது.

இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு மாப்பிள்ளை கேட்டாரு. தெரியாம என்ன? இவங்க அப்பா மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டர். சின்ன வயசுலேர்ந்து அவருகூடவே மாட்டுக் காலையும் ஆட்டு வாயையும் பாத்து வளந்தவ. அதுக்குன்னு ஏதோ படிப்புகூடப் படிச்சா. கல்யாணமான புதுசுல கால்நடைத் துறையில இருந்து இவளுக்கு வேலைக்கு ஒரு ஆர்டர் வந்துச்சு. நான் மத்த புருஷன் மாதிரி கிழிச்சுப் போடலையே சார்! பத்திரமா எடுத்து வெச்சேன். எங்க வெச்சேன்னுதான் தெரியல. அவளும் ரெண்டு மூணு தடவை கேட்டா, அப்புறம் கேக்கல. விட்டுட்டான்னுதான் அர்த்தம்.

"கமலா!"ன்னு கூப்பிட்டேன். அவ திரும்பல. அந்த டேப்பிர்தான் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பாத்துட்டு மறுபடி மூடிக்கிச்சு.

"கமலா, மணி நாலாகுது, எந்திரி."

"இருங்க. இந்தப் பக்கம் முடிச்சுட்டு வர்றேன்."

இருங்க. என்கிட்ட! டிரைவருக்கும் கண்டக்டருக்கும் 'இரு'ன்னு சொல்லியே காலம் கழிச்சவன் நான். அந்த மழையில, குடையும் உடைஞ்சு போயி, இருபது நிமிஷம் நின்னேன் சார். மாப்பிள்ளை பக்கத்துல நின்னாரு. ஹேமா அவங்க அம்மா பக்கத்துல போயிச் சேத்துல உக்காந்துக்கிட்டா. குட்டியும் உக்காந்துக்கிச்சு. மூணு பேரும் மாத்தி மாத்தித் தேய்க்கிறாங்க.

எல்லாம் முடிஞ்சு அந்தக் க்ளெனிஸ் அம்மா எங்களை அவங்க டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போச்சு. சூடா டீ, ஒரு கேக்கு. போகும்போது என் கையைப் புடிச்சு, உங்க மனைவிக்கு அபூர்வமான கைன்னு சொல்லுச்சு. "தேங்க்யூ"ன்னேன். நமக்குத்தானே அந்தப் பெருமை?

ஈரத் தலையைத் துண்டால தொடச்சுக்கிட்டே கமலவேணி சொன்னா, "ஏங்க, நான் இப்ப ஊருக்கு வரல."

"இப்ப எங்க ஊருக்கு? ஹேமா வீட்டுக்குத்தான் போறோம்."

"திண்டுக்கல்லைச் சொல்றேன். அடுத்த மாசம் நீங்க மட்டும் போங்க. எனக்கு விசா மார்ச் மாசம் வரைக்கும் இருக்கு."

"ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு."

"உங்க டிக்கெட் இருக்குல்ல."

நான் விளையாட்டுன்னு நினைச்சேன். ஹேமாவைப் பாத்தேன். அவ கண்ணெல்லாம் தண்ணி. மழைத் தண்ணின்னு நினைச்சேன், ஆனா நாங்க உள்ளதான் உக்காந்திருந்தோம். "இருங்கம்மா"ன்னா. அவ்வளவுதான். மாப்பிள்ளை, "ஆமா அத்தை"ன்னாரு. அன்னைக்குன்னு பாத்து அந்த மனுஷன் சொன்னதை நிஜமாவே செஞ்சுட்டாரு சார், மறுநாளே உக்காந்து அவ டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டாரு.

"எதுக்கு? ஒரு பன்னிக்கு முதுகு தேய்க்கவா?"ன்னு கேட்டேன்.

"அது பன்னி இல்ல"ன்னா.

அந்தக் க்ளெனிஸ் அம்மா கூப்பிட்டிருக்கு, வாரத்துல ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, சும்மா உதவிக்கு வாங்கன்னு. சம்பளம் கிடையாது. அது ஏதோ தர்ம ஸ்தாபனமாம், மாப்பிள்ளை எழுதிக் கேட்டு, விசாவுல இத்தனை நாள் வரைக்கும் போகலாம்னு தெரிஞ்சுக்கிட்டாரு. சரி, போகட்டும்னு விட்டேன். ரெண்டு பஸ் மாறிப் போகணும், முதல் வாரமே வழி தெரியாம திண்டாடி, அழுதுக்கிட்டுத் திரும்புவான்னு எனக்குத் தெரியும். பஸ்ஸைப் பத்தி எனக்குத் தெரியாதா?

அழல. ரெண்டாவது வாரம் நானும் கூடப் போனேன், பாதுகாப்புக்கு. ஏறினதும் டிரைவர் இவளைப் பாத்து, "மார்னிங், கமலா"ங்குறான். இவ ஜன்னலோரம் உக்காந்தா. நான் நடுவுல ஒரு ஸ்டாப்புல இங்கதான் இறங்கணும்னு எந்திரிச்சேன். "உக்காருங்க, இன்னும் மூணு ஸ்டாப் இருக்கு"ன்னா. நான் அனுபவத்துல சொல்றேன்னு இறங்கிட்டேன். அவ இறங்கல. அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழிச்சு. அந்த ஊரு போக்குவரத்து நிர்வாகம் சரியில்ல சார், என்னைக் கேட்டா நிறைய சொல்லுவேன்.

நான் ஊருக்குக் கிளம்பின நாளும் செவ்வாய்க்கிழமையா அமைஞ்சு போச்சு. எனக்கு விமான நிலையத்துக்குப் பஸ் பதினோரு மணிக்கு. அவளுக்கு எட்டு நாப்பதுக்கு. ஒரு நாள் போகாட்டி என்னன்னு நான் கேக்கல. கேட்டா போகாம இருந்திருப்பா, அது எனக்குத் தெரியும். ஆனா கேக்கல. ஏன்னு தெரியல.

ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து போனேன். தூறிக்கிட்டே இருக்கு. என் ஸ்வெட்டர் பட்டனைப் போட்டு விட்டா. பிரஷர் மாத்திரை எந்தப் பையில இருக்குன்னு சொன்னா. ஓய்வு பெற்றோர் சங்கத் தேர்தல் வருது, அதுல நான் செயலாளருக்கு நிக்கிறேன், "ஜெயிச்சுருவீங்க"ன்னா. "எப்ப வருவ?"ன்னு கேட்டேன். "சொல்றேங்க"ன்னா. மார்ச்சுக்கு அப்புறம்தானேன்னு கேட்டேன். "சொல்றேன்"னா.

அன்னைக்கு உன்னை அப்படிப் பேசிட்டேன்னு ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தேன் சார். வாக்கியம் சரியா வரல. எனக்கு அந்த மாதிரி வாக்கியம் பேசிப் பழக்கமில்ல. அதுக்குள்ள பஸ் வந்துருச்சு. சரியா எட்டு நாப்பது. நான் வேலையில இருந்த காலத்துல ஒரு நிமிஷம் லேட்டுன்னா டிரைவருக்கு மெமோ குடுத்தவன். அன்னைக்கு அந்த வண்டி ஒரு அஞ்சு நிமிஷம் லேட்டா வந்திருந்தா அவங்க குடி முழுகிப் போயிருமா, சொல்லுங்க?

ஊருல எல்லார்கிட்டயும் ஃபோன்ல அவளுக்கு மூட்டுவலி, அங்க வைத்தியம் நடக்குதுன்னு சொல்லியிருக்கேன். உங்களுக்கு மட்டும்தான் உள்ளதைச் சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல சார். சங்க வேலை இருக்கு, ஆளுங்க வருவாங்க போவாங்க, பொழுது போயிரும். தனியா இருக்குறதுல ஒரு சௌகரியம் உண்டு, யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்.

வடமதுரை தாண்டிருச்சு. அடுத்தது நம்ம ஸ்டேஷன்தான். பெட்டியை நானே எடுத்துக்குறேன், நீங்க உக்காருங்க, உங்களுக்கு மதுரை வரைக்கும் இருக்கு. நல்லவேளை, பேச்சுத் துணைக்கு ஆள் கிடைச்சீங்க.

சார், ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க. வீட்டுல நீங்க சமைப்பீங்களா? இல்ல, சும்மாதான் கேக்குறேன். ஒரு ஆளுக்குச் சோறு வைக்கிறதுன்னா, எத்தனை டம்ளர் அரிசி போடணும்?